பச்சைப் பொத்தான்

மாடிப்படி திரும்பும் இடத்தில், பழைய பிரிண்டருக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு புதுப் பிரிண்டர் பெட்டிகளை வைத்துவிட்டு, நடுவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் மகள். ஒரு பெட்டி கீழ் அறையிலிருந்து திரும்பி வந்தது, இன்னொன்று மேல் அறையிலிருந்து. இரண்டிலும் ஒட்டிய டேப்பைக்கூட யாரும் பிரிக்கவில்லை. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எனக்கு எதுக்கும்மா தனியா ஒண்ணு? பழைய மாதிரியே பண்ணிக் குடு" என்றார். அம்மா படம் வரையும் பலகையிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "எடுத்துட்டுப் போடி, இடத்தை அடைக்குது. பழைய மாதிரி பண்ண முடிஞ்சா பண்ணு, இல்லேன்னா விடு" என்றாள். இருபத்தொரு வருஷமாக ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசாத இரண்டு பேர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பேசி வைத்துக்கொண்டது மாதிரி ஒரே பதிலைச் சொல்கிறார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் நானூறு பிரிண்டர்களைக் கட்டி மேய்ப்பவள் அவள். டாக்டர்கள்கூட அவள் சொன்னால் மறுபேச்சு பேசுவதில்லை. இங்கே இரண்டே இரண்டு பேரிடம் பாச்சா பலிக்கவில்லை.

அதுவும் எதற்காக? இன்னும் பத்து நாளில் இந்த வீடே காலியாகப் போகிறது. அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, மாடிப்படி ஏறி இறங்க முடியவில்லை. அப்பா அடுப்பை அணைக்க மறந்து இரண்டு முறை பாத்திரம் கருகிவிட்டது. போன மாதம் மகள் உட்கார்ந்து யோசித்து, சித்தப்பாவிடம் பேசி, எல்லாவற்றையும் முடித்து வைத்தாள். அம்மா மகளோடு வருவாள். அப்பா சித்தப்பா வீட்டுக்குப் போவார். பேசாமலே இருக்கிற இரண்டு பேர் இரண்டு ஊரில் இருந்தால் என்ன கெட்டுவிடப் போகிறது என்றுதான் அவள் நினைத்தாள். போனில் சொன்னபோது இருவரும் முதலில் "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்கள். இரண்டு வாரம் கழித்து இருவருமே "சரி" என்றார்கள். அவ்வளவு சுலபமாகச் சொன்னது அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. ஆனால் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "போறதுக்கு முன்னாடி பிரிண்டரை மட்டும் சரி பண்ணிடு." அம்மாவும் அதையே போட்டாள்.

இவர்கள் பேச்சு நின்ற கதை சின்னது. அப்போது மகளுக்குப் பதினைந்து வயது. அம்மா பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். வேறு ஊரில் ஒரு பெரிய பதிப்பகத்தில் ஓவியப் பிரிவுக்கே தலைமைப் பொறுப்பு தருவதாக ஒரு நாள் போன் வந்தது. எடுத்தவர் அப்பா. "வீட்டை விட்டுட்டு அவ எங்க வரப்போறா, வேணாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். நாற்பது நாள் கழித்து அச்சகத்தில் யாரோ, "நீங்கதான் வேணாம்னுட்டீங்களாமே" என்று கேட்டபோதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "என்னைக் கேட்டீங்களா?" அப்பா போட்டுக்கொண்டிருந்த கட்டட வரைபடத்திலிருந்து நிமிராமல், "கேட்டா மட்டும்?" என்றார். அதுதான் கடைசி. கத்தலில்லை, கூப்பாடில்லை. அம்மா தன் மேஜையை மாடி அறைக்கு ஏற்றினாள். அப்பா கீழேயே இருந்தார். அதற்குப் பிறகு அப்பாவின் பெயர் 'கீழ' என்றும், அம்மாவின் பெயர் 'மேல' என்றும் ஆனது. "கீழ சொல்லு, நாளைக்குக் கரண்ட் பில் கட்டணும்." "மேல சொல்லு, சாவி ஆணியில இருக்கு." ஏறி இறங்கி ஏறி இறங்கி மகளின் கெண்டைக்கால் சதை கல்லாகிவிட்டது. சித்தப்பா அவளுக்குத் தபால்காரி என்று பெயரே வைத்துவிட்டார். இன்றைக்கும் போனை எடுத்தால் "சொல்லு தபால்காரி" என்றுதான் ஆரம்பிப்பார்.

தபால் வேலையில் பாதி பிரிண்ட் வேலைதான். நல்ல பிரிண்டர் ஒன்றுதான் வீட்டில் இருந்தது, அதுவும் கீழே. அம்மாவிடம் இருந்தது மேக் கம்ப்யூட்டர், அப்பாவிடம் விண்டோஸ். அம்மா படத்தைப் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பாள். கீழே எடுத்துவந்தால் கோப்பு திறக்காது. மறுபடி மேலே போய் வேறு விதமாகச் சேமித்து வர வேண்டும். பதினேழு வயதில் கல்லூரி விடுதிக்குக் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது, நாம் போய்விட்டால் இதை யார் செய்வார்கள் என்று. தெரிந்தவர் கடையில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிவந்தாள். ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் லினக்ஸ் இருந்தது. அதைப் போட்டு, இரண்டு பேர் அனுப்புவதையும் வாங்கிப் பிரிண்டருக்குக் கொடுக்கும் சர்வராக்கினாள். பிரிண்டரைக் கீழேயும் இல்லாமல் மேலேயும் இல்லாமல் படி திரும்பும் இடத்தில் வைத்தாள். மேலிருந்து ஆறு படி, கீழிருந்து ஆறு படி. அப்பா சுவரில் துளை போட்டுக் கொடுத்தார். அம்மா நீலக் கேபிளைக் கைப்பிடிக் கம்பியோடு சேர்த்து நூலால் கட்டினாள், ஒரு முடிச்சுக்கும் இன்னொரு முடிச்சுக்கும் நடுவே சரியாக ஒரு சாண். பிரிண்டருக்கு மகள் 'நடு' என்று பெயர் வைத்தாள். இருவருடைய தாளும் கலந்துவிடக் கூடாதே என்று, எது அச்சானாலும் முதலில் ஒரு முகப்புத் தாள் வரும்படி செய்தாள். யார் அனுப்பியது, கோப்பின் பெயர் என்ன, இரண்டும் அதில் பெரிய எழுத்தில் இருக்கும்.

முதல் சோதனைத் தாள் வந்தபோது இருவருமே அறையை விட்டு வெளியே வந்தது இப்போதும் அவள் கண்ணில் நிற்கிறது. அம்மா மேல் படியில், அப்பா கீழ்ப் படியில். அவள் நடுவில் நின்று, மைச்சூடு ஆறாத தாளைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்தாள். மேக்கிலிருந்து ஒன்று, விண்டோஸிலிருந்து ஒன்று. இருவரும் சிரித்தார்கள். ஒருவரையொருவர் பார்த்து இல்லை, அவளைப் பார்த்துத்தான். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறியபோது நெஞ்சில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. தன் இடத்தில் ஒரு இயந்திரத்தை உட்கார வைத்துவிட்டுத் தப்பித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு நல்ல நினைப்பா என்று அவள் இதுவரை தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

பத்தொன்பது வருஷம் ஓடிய அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி மூன்று வாரத்துக்கு முன் புகைந்து நின்றுவிட்டது. அவள் திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினாள். உள்ளே தூசி கம்பளி கணக்காகப் படிந்திருந்தது. மின்சாரம் கொடுக்கும் பகுதி கருகியிருந்தது, ஆனால் டிஸ்க் நன்றாக இருந்தது. அதைத் தன் லேப்டாப்பில் மாட்டினாள். இவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை தாள் அச்சிடுகிறார்கள் என்ற கணக்கு அதில் இருக்கும். இரண்டோ மூன்றோதான் இருக்கும், அதைக் காட்டி, 'இதுக்கு இந்தச் சின்னப் பிரிண்டர் தாராளம்' என்று இருவர் வாயையும் அடைத்துவிடலாம் என்பது அவள் திட்டம். பழைய பதிவுகளை அவ்வப்போது அழிக்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது பதினேழு வயதில் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதனால் முதல் நாளிலிருந்து அத்தனையும் அப்படியே இருந்தது. தேதி, நேரம், மேலேயா கீழேயா, கோப்பின் பெயர்.

முதல் ஆறு மாதம் எல்லாம் ஒழுங்கான பெயர்கள். 'மூன்றாம் பாடம் யானைப் படம்.' 'தரைத்தளம் திருத்தியது.' பிறகு ஒரு நாள் கீழிருந்து வந்த ஒரு வரைபடத்தின் பெயர், 'தாள் தீரப்போகுது' என்றிருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தார், அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. அப்பா ஏதோ தவறுதலாக அடித்திருப்பார் என்று அடுத்த வரிக்குப் போனாள். இரண்டு நாள் கழித்து மேலிருந்து ஒரு முயல் படம். பெயர், 'தாள் வெச்சாச்சு.'

அவள் நிமிர்ந்து மேலே ஒருமுறை பார்த்தாள், கீழே ஒருமுறை பார்த்தாள். இரண்டு கதவும் வழக்கம்போல அரைகுறையாகத் திறந்திருந்தன.

அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. 'இருமல் மருந்து இரண்டாவது தட்டுல.' 'போட்டாச்சு.' 'கேஸ் சொல்லணும்.' 'சொல்லியாச்சு.' நீ என்றோ நீங்கள் என்றோ எங்கேயும் இல்லை. எல்லாம் ஆச்சு, போச்சு, வந்தாச்சு. ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு, சில வாரம் ஒன்றுமே இல்லை. அவளுக்கு வேலை கிடைத்த நாளில் மேலிருந்து, 'அவளுக்கு வேலை கிடைச்சாச்சு.' கீழிருந்து, 'தெரியும். எனக்குத்தான் முதல்ல சொன்னா.' மேலிருந்து, 'எனக்குத்தான் முதல்ல.' அன்றைக்கு இருவருக்கும் தனித்தனியே போன் செய்து இருவரிடமுமே, "உங்கிட்டதான் முதல்ல சொல்றேன்" என்று புளுகியது நினைவுக்கு வந்து, அந்தப் படியில் தனியாக உட்கார்ந்துகொண்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டுப் பதின்மூன்று வருஷம் ஆகியிருக்கிறது, யாரும் அவளிடம் காட்டிக்கொள்ளவே இல்லை.

ஒன்பதாவது வருஷத்தில் ஒரு மழைக்கால மத்தியானம், மூன்று மணி பத்து நிமிடம், கீழிருந்து ஒரு கிணற்று வரைபடம். அதன் பெயர், 'அன்னிக்குக் கேட்டிருக்கணும். கேக்கலை. தப்பு.'

மகள் லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தாள். திறந்தபோது அடுத்த வரிக்குப் போகவே பயமாக இருந்தது. அன்றைக்கு மேலிருந்து ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை, 'படிச்சேன்.' இருபது நிமிடம் கழித்து மறுபடி மேலிருந்து, 'முட்டை வாங்கணும்.' இவ்வளவுதான். அத்தனை வருஷத்துக் கோபம் ஒரு தாளில் வந்து ஒரு தாளில் போய்விட்டது. ஆனாலும் வாய் திறந்து பேசிக்கொண்டார்களா? இல்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை மகள் இங்கே வந்து தங்கியிருக்கிறாள்! கீழே அப்பா எட்டு மணிக்குச் சாப்பிட்டு எழுந்த பிறகு ஒன்பது மணிக்கு அம்மா இறங்கி வந்ததைத்தானே பார்த்தாள்.

கடைசி வரி மூன்று வாரத்துக்கு முந்தையது. மாலை நாலு மணிக்கு மேலிருந்து. 'ஏற்பாடு பண்ணிட்டா. சம்மதமா?' அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அன்றைக்குத்தான் பெட்டி புகைந்தது.

மேலே போனபோது அம்மா பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். மேஜையோரத்தில் எப்போதும் இருக்கும் கத்தைத் தாள்கள், ஒவ்வொன்றிலும் அரைகுறையாகக் கோடு போட்ட பறவைகள், கைகள், மரங்கள். வருஷக்கணக்காகப் பார்க்கிறாள், அம்மா வீணாய்ப்போன தாளில்தான் ஒத்திகை பார்ப்பாள் என்று நினைத்திருந்தாள். இப்போது ஒன்றை எடுத்துத் திருப்பினாள். மறுபக்கம் பெரிய எழுத்தில் கீழ் அறையின் பெயரும், அதன் கீழே 'வெயில் ஜாஸ்தி, ஜன்னல் சாத்தணும்' என்பதும் இருந்தன. இன்னொன்றைத் திருப்பினாள். இன்னொன்று. அம்மா தடுக்கவில்லை, சீவுவதையும் நிறுத்தவில்லை.

"ஏம்மா, இதையெல்லாம் வாயால பேசினா என்ன?"

"வாயால பேசினா கீழ பதில் சொல்றதுக்குள்ள நான் அடுத்ததைச் சொல்லிடுவேன். கீழயும் அப்படித்தான். கடைசியில சண்டைதான் மிஞ்சும். இதுல அப்படி முடியாதுடி. ஒரு வரிக்கு மேல போகாது. ஒருத்தர் சொன்னா அடுத்தவங்க எழுந்து வந்து எடுத்துப் படிச்சாகணும்."

"அப்புறம் ஏன் நான் சொன்னதுக்குச் சரின்னே?"

அம்மா பென்சில் முனையை ஊதினாள். "கேட்டேன். பதில் வரலை. பதில் வரலேன்னா சரின்னுதானே அர்த்தம்."

"சர்வர் செத்துப்போச்சும்மா. அது வழியா எப்படி வரும்?"

"மூணு வாரம். பன்னிரண்டு படி. ஏறி வந்து சொல்ல முடியாதா?"

"நீ இறங்கிப் போய்க் கேட்டியா?"

அம்மா முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்த மகளுக்கு, இரண்டு பேருக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து, ஊரைக் கூட்டி ஏற்பாடு செய்து, ஓடிக்கொண்டிருந்த ஒரு பேச்சை நடுவில் பிய்த்துவிடப் பார்த்தேனே என்று தன் மேலேயே கோபம் வந்தது. அப்பா என்ன பதில் வைத்திருந்தார், பதில் என்று ஒன்று இருந்ததா இல்லையா, அது தெரியாமல் இந்த வீட்டைப் பூட்டக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

பையிலிருந்து உள்ளங்கை அளவே இருக்கும் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்தாள். ஆஸ்பத்திரி வேலைக்காக எப்போதும் வைத்திருப்பது. அதில் லினக்ஸ் ஏற்கெனவே இருந்தது. பழைய டிஸ்க்கிலிருந்து பழைய அமைப்பை எடுத்துப் போட்டாள். பெயர் அதே 'நடு'. முகவரி அதே முகவரி, ஒரு எண்கூட மாறாமல். பெயரும் முகவரியும் மாறாவிட்டால் மேலேயும் கீழேயும் இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கு ஆள் மாறியதே தெரியாது. முகப்புத் தாளும் அதே எழுத்தில். நீலக் கேபிளின் நுனியை வெட்டிப் புது முனை போட்டாள். கைப்பிடிக் கம்பியில் அம்மா கட்டிய நூல் வெளுத்துப் போயிருந்ததே தவிர, ஒரு முடிச்சும் அவிழவில்லை.

மேக் இரண்டு நிமிடத்தில் பிரிண்டரைக் கண்டுபிடித்துவிட்டது. தாளின் அளவைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் பழைய எரிச்சல் வந்தது. இந்த வீட்டில் வாங்குவது ஏ4 தாள், அம்மாவின் கம்ப்யூட்டரில் வேறு நாட்டு அளவு இருக்கிறது. அதனால் மேலிருந்து எது வந்தாலும் பிரிண்டர் முழித்துக்கொண்டு நின்றுவிடும், ஆரஞ்சு விளக்கு மினுக்கும். யாராவது போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் நகரும். இதை மாற்றச் சொல்லிப் போனில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். இப்போது கையோடு மாற்றிவிடலாம் என்று போனாள்.

"அதைத் தொடாதே" என்றாள் அம்மா.

"இது தப்பும்மா. ஒவ்வொரு தடவையும் நின்னுடும்."

"தெரியும். நின்னா கீழ இருந்து வந்து அமுக்குவாங்க."

"அவரை ஏன் ஒவ்வொரு தடவையும் படியேற விடறே?"

"எனக்கு மட்டும்தான் முழங்கால் இருக்கா? ஆறு படி ஏறட்டும்." அம்மாவின் உதட்டோரம் லேசாகக் கோணியது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவர் ஏறி வர்ற சத்தம் கேட்டா எனக்கு நிம்மதிடி. கீழ எல்லாம் நல்லா இருக்குன்னு தெரியும்" என்றாள்.

அவர் என்று சொன்னாள். கீழ என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. மகள் அதைக் கவனித்தாள், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தாளின் அளவை அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள்.

அப்பாவின் விண்டோஸ் மிகப் பழையது. அவர் படம் போடும் மென்பொருள் புதியதில் ஓடாது என்பதால் பிடிவாதமாக அதையே வைத்திருந்தார். அதை மறுபடி பிரிண்டரோடு பேச வைக்க அரை மணி நேரம் ஆனது. அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஸ்கேலால் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார். "மேல இருந்து எது வந்தாலும் நின்னுடும். அதுக்குன்னு ஒரு ஆள் ஓடணும்" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"அதைச் சரி பண்ணிடட்டுமாப்பா?"

"சேச்சே, அது பாட்டுக்கு இருக்கட்டும். உனக்கு எதுக்கு வீண் வேலை?"

பிரிண்டருக்குக் கொடுத்த வேலைகளின் வரிசையைத் திறந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பதினோரு வேலைகள் காத்துக்கொண்டிருந்தன. பதினொன்றுக்கும் ஒரே பெயர். 'பார்த்துச் சொல்லவும்.' முதலாவது, பெட்டி புகைந்து மூன்றாம் நாள். பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, சில நாள் இரண்டு தடவை. கடைசியாக இன்று காலை ஏழு மணிக்கு.

"என்னப்பா இது?"

"குடுத்தேன், வரலை. சரி திரும்பக் குடுப்போம்னு குடுத்தேன்." குழந்தை போல் அவர் பார்வை வேறு எங்கோ போனது. "ஒருவேளை வந்துடாதான்னு..."

"ஒரு தாளைக் கையில எடுத்துட்டு மேல போயிருக்கலாமே."

"போய்? என்னன்னு ஆரம்பிக்கறது?" ஸ்கேல் நின்றது. "பழக்கமே இல்லையேம்மா."

ஆஸ்பத்திரியில் தினமும் நடப்பதுதான் இது. அவசரக்காரர் எவராவது பத்து முறை அமுக்கிவிட்டுப் போவார், அவள் ஒன்பதை அழித்துவிட்டு ஒன்றை விடுவாள். இங்கேயும் கை தானாகப் போனது. "ஒண்ணை மட்டும் வெச்சுட்டு மத்ததை அழிச்சிடட்டுமா?" என்று கேட்டாள்.

அப்பா யோசித்தார். "இருக்கட்டும்" என்றார்.

அவள் படி திரும்பும் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, சர்வரில் நிறுத்தி வைத்திருந்த அச்சை ஓடவிட்டாள். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தது. அந்தச் சத்தம்! பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது, விடுமுறையில் வந்து மத்தியானம் தூங்கிக்கொண்டிருக்கும்போது, சுவர் வழியாக வந்துகொண்டே இருந்த சத்தம். வீடு வேலை செய்கிறது என்று அவள் அதற்கு அர்த்தம் பண்ணி வைத்திருந்தாள். முதலில் முகப்புத் தாள் வந்தது. பிறகு வரைபடம்.

இந்த வீட்டின் தரைத்தளம்தான். ஆனால் மாடிப்படியின் அடியில், இனி தினமும் ஏற வேண்டாம் என்பது போல், கோடு போட்டு அடைத்திருந்தது. இப்போது அப்பா இருக்கிற முன் அறையில், வெளிச்சம் விழும் ஜன்னலோரம், ஒரு பெரிய மேஜை. 'படம் வரைய' என்று சின்ன எழுத்து. அப்பாவின் மேஜை பின்னால், சாமான் போடும் அறைக்குத் தள்ளப்பட்டிருந்தது. இரண்டு அறைக்கும் நடுச் சுவரை ஒரு கை அகலத்துக்கு உடைத்து, அதில் ஒரு சின்னச் சதுரம். அது பிரிண்டர். சமையலறை அடுப்புக்கு நேர் எதிரில், முன் அறையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடித் தடுப்பு. அணைக்க மறந்தால் யாராவது பார்ப்பார்கள். தாளின் மூலையில், வரைபடங்களில் குறிப்பு எழுதுகிற இடத்தில், ஒரே வரி. 'மாடி: மகள் வந்தால் தங்க.'

அவளுக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு, தாளை எடுத்த இடத்திலேயே வைத்தாள். இரண்டாவது பிரதி வந்து அதன் மேல் விழுந்தது. மூன்றாவது. பிரிண்டர் நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தது.

மேலே கதவு திறந்தது. அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து, ஆறு படி இறங்கி வந்தாள். மகள் ஒதுங்கி இடம் கொடுத்தாள். அம்மா மேலே இருந்த தாளை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்து, பிறகு தள்ளி வைத்துப் பார்த்தாள். ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடுவே கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து அளந்தாள். மூலையில் இருந்த வரியைப் படித்தாள். கீழே ஸ்கேல் தட்டும் சத்தம் கேட்கவில்லை. அம்மா தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வந்த மாதிரியே ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள்.

பதினொன்றாவது பிரதியும் விழுந்து பிரிண்டர் ஓய்ந்தது. வீடு அமைதியானது. மகள் லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே விசைப்பலகையில் ஒற்றை விரலால் தட்டும் சத்தம் மெதுவாக, நின்று நின்று கேட்டது. பிறகு வரிசையில் ஒரு புது வரி வந்தது. மேலிருந்து. 'ஜன்னல் கதவு திறக்கற பக்கம் தப்பு. மாத்தணும்.'

பிரிண்டர் ஒரு முறை உறுமி நின்றது. ஆரஞ்சு விளக்கு மினுக்கத் தொடங்கியது. பச்சைப் பொத்தான் மகளின் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். மேலே கதவு சாத்தப்படவில்லை. விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கீழே, ஸ்டூல் பின்னால் நகரும் சத்தம் கேட்டது.